தொடாமல் அறியும் கருவிகள்: முத்துப்பார் முதல் கன்டெய்னர் வரை

எட்டாத இடத்தில் கிடக்கும் ஒரு பொருளைத் தொடாமலும் திறக்காமலும் அறிய உதவும் கருவிகள் தொலையுணரிகள் எனப்படுகின்றன. வகைகள் பல இருந்தாலும் அவை வேலை செய்யும் முறை இரண்டுதான். முதல் முறையில் கருவியே ஒலி, ஒளி, ரேடியோ அலை, எக்ஸ் கதிர் ஆகியவற்றில் ஒன்றை அனுப்புகிறது; பொருளில் பட்டுத் திரும்புவதையோ, பொருளை ஊடுருவி மறுபக்கம் வந்துசேர்வதையோ அளக்கிறது. இரண்டாம் முறையில் கருவி எதையும் அனுப்புவதில்லை. பொருள் தானாக வெளிவிடும் வெப்பத்தையும் கதிர்வீச்சையும், அது சுற்றிலும் ஏற்படுத்தும் காந்தப்புல மாற்றத்தையும் பிடித்துக்கொள்கிறது.

தூத்துக்குடிக் கரையில் இந்த இரண்டு முறைகளுக்கும் வேலை இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் அடித்தரையை அறிய ஒலியும், கடல்பரப்பைக் கண்காணிக்க ரேடியோ அலையும், துறைமுகத்தில் இறங்கும் பெட்டகங்களைச் சோதிக்க எக்ஸ் கதிரும் காமா கதிரும் பயன்படுகின்றன. எந்தக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது அது பயன்படுத்தும் அலையின் தன்மையைப் பொறுத்தது.

ஈயக்குண்டும் மூழ்காளியும்

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டுகளைக் கரையோர மக்கள் ‘பார்’ என்கிறார்கள். நகரைப் பார், வைப்பார் பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில், மணல் தரைக்கு நடுவே இவை கிடக்கின்றன. மேலே நிற்கும் படகிலிருந்து பார்த்தால் பாருக்கும் மணலுக்கும் வேறுபாடு தெரியாது.

கருவிகள் வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தது கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும்; அதில் கொழுப்பை அப்பிக் கடலில் இறக்குவார்கள். இறங்கிய கயிற்றைப் பாகக் கணக்கில் அளந்தால் ஆழம் தெரியும். மேலே வந்த கொழுப்பில் மணல் ஒட்டியிருந்தால் கீழே மணல், சேறு ஒட்டியிருந்தால் சேறு. எதுவும் ஒட்டாமல் நசுங்கிய தடம் மட்டும் இருந்தால் அங்கே பாறை.

பார் இருக்கும் இடம் தெரிந்த பிறகு மூழ்காளிகள் இறங்கிச் சிப்பிகளின் அடர்த்தியைப் பார்த்து மாதிரி எடுத்து வருவார்கள். அந்தச் சிப்பிகளை அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்ட பிறகே அந்த ஆண்டு முத்துக்குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று அரசு முடிவெடுத்தது. இந்தியக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரையிலான ஆண்டுகளில். அதன் பிறகு பார்களில் போதிய சிப்பி சேரவில்லை. பிந்தைய ஆண்டுகளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுவாசக் கருவி அணிந்து இறங்கிப் பார்களை ஆய்ந்தனர்.

நீருக்குள் ஏன் ஒலி?

நிலத்தின் மேல் எளிதில் பரவும் ரேடியோ அலையை உப்புநீர் மிகக் குறைந்த தூரத்துக்குள் உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடலில் ஒளி சில பத்து மீட்டர் வரை போகும். ஆற்று வண்டல் கலந்த கரையோரக் கடலில் சில மீட்டர்கூடப் போகாது. ஒலிக்கு இந்தத் தடை இல்லை. காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டருக்கு மேல் செல்கிறது.

1912இல் டைட்டானிக் மூழ்கிய பின் பனிப்பாறைகளை ஒலியால் கண்டறியும் முயற்சிகள் வேகம் பெற்றன. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடும் தேவை வந்தபோது, பிரான்சின் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை மின்னழுத்தத்தால் அதிரவைத்து மீயொலி அலைகளை நீருக்குள் அனுப்பிக் காட்டினார். இன்றைய சோனார் கருவிகளின் அடிப்படை அதுதான். இன்று விசைப்படகுகளில் மீன் கூட்டம் பார்க்கப் பொருத்தப்படும் எக்கோ சவுண்டரும் அந்த வழியில் வந்ததே.

எக்கோ சவுண்டரின் கணக்கு எளிது. ஒலி கீழே போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். 15 மீட்டர் ஆழமுள்ள பாரின் மேல் நிற்கும் படகுக்கு எதிரொலி 0.02 நொடியில் திரும்பிவிடும். திரும்பும் ஒலியின் வலிமையும் செய்தி சொல்கிறது. பாறை ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்பும். சேறு பெருமளவை விழுங்கிவிடும். ஈயக்குண்டில் ஒட்டிய மணலும் சேறும் சொன்னதை இங்கே எதிரொலியின் வலிமை சொல்கிறது.

ஒலியின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நீர் வெதுவெதுப்பாகவும் உப்பாகவும் இருந்தால் வேகம் கூடும். 29 டிகிரி வெப்பமுள்ள மன்னார் வளைகுடா நீரில் அது நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர். கருவியில் 1,500 என்று பதிந்துவிட்டு அளந்தால் 15 மீட்டர் ஆழம் 14.6 மீட்டராகக் காட்டும். மீன் தேடுபவருக்கு இந்த 40 சென்டிமீட்டர் பெரிதல்ல. துறைமுகக் கால்வாயில் தூர்வாரியவருக்கு அந்த வேறுபாட்டில் பணமும் கப்பலின் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன. இதனால்தான் அளவைப் படகுகள் வேலையைத் தொடங்குமுன் ஒலிவேகமானியை நீரில் இறக்கிப் பார்க்கின்றன.

நிழலில் தெரியும் உயரம்

எக்கோ சவுண்டர் படகுக்கு நேர் கீழே உள்ள இடத்தை மட்டுமே அளக்கும். பரந்த கடலடியைப் படமாக்கப் பயன்படுவது சைடு ஸ்கேன் சோனார். டார்பிடோ வடிவிலான சிறு கருவி ஒன்றைக் கேபிளில் கட்டிப் படகின் பின்னால் இழுத்துச் செல்வார்கள். அது இடமும் வலமும் விசிறிபோல ஒலியைச் சாய்வாக வீசும். படகு நகர நகர ஒவ்வொரு வீச்சும் ஒரு கோடாகப் பதிந்து, கோடுகள் சேர்ந்து படமாகும்.

இந்தப் படத்தில் பொருளைவிட அதன் நிழல் அதிகம் பேசும். தரையிலிருந்து எழுந்து நிற்கும் எதுவும் தனக்குப் பின்னால் ஒலி படாத ஒரு கறுப்புப் பகுதியை விட்டுச்செல்கிறது. கருவி தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவிக்கு நேர் கீழுள்ள புள்ளியிலிருந்து நிழலின் முனை 50 மீட்டர் தள்ளி இருக்கிறது. நிழலின் நீளம் 5 மீட்டர். ஒத்த முக்கோணக் கணக்குப்படி 5ஐ 10ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால், அந்தப் பொருளின் உயரம் 1 மீட்டர். நிழலின் ஓரம் நேர்கோடாக, மூலை செங்கோணமாக இருந்தால் அது மனிதர் செய்த பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். இயற்கைப் பாறையின் நிழல் ஒழுங்கற்றிருக்கும்.

சைடு ஸ்கேன் வடிவத்தைக் காட்டும். ஆழத்தைத் துல்லியமாகச் சொல்லாது. அதற்கு மல்டிபீம் சோனார் உண்டு. ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை அனுப்பி, படகின் இருபுறமும் உள்ள தரையை முப்பரிமாண வரைபடமாக்குகிறது. சேற்றுக்கு அடியில் புதைந்ததைப் பார்க்கத் தாழ் அதிர்வெண் ஒலி வேண்டும். அதிர்வெண் குறையும்போது ஒலி ஆழமாக ஊடுருவும், ஆனால் படத்தின் நுணுக்கம் குறையும். அதிர்வெண் கூடினால் நேர்மாறு. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் சோனார் இல்லை என்பதால் ஆய்வுக் கப்பல்கள் பல கருவிகளை ஏற்றிச் செல்கின்றன.

புதைந்த நிலத்தைப் படிக்கும் இந்த வகைக் கருவிக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் தேவை அதிகம். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் பழைய கரையை மூடிவிட்டது. கொற்கைக் கடற்பகுதியில் ஆழ்கடலாய்வு நடத்தப்படும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

காந்தமானி

இரும்பைத் தேட ஒலியே வேண்டியதில்லை. பூமியின் காந்தப்புலம் தென்தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40,000 நானோ டெஸ்லா. அருகில் இரும்புப் பொருள் இருந்தால் இந்த எண் சற்றே மாறும். ஒரு டன் இரும்பு 10 மீட்டர் தொலைவில் ஏற்படுத்தும் மாற்றம் 10 நானோ டெஸ்லா அளவில்தான் இருக்கும். அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு. தூரம் இரட்டித்தால் அது எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். எனவே காந்தமானியைப் படகின் இரும்பிலிருந்து தள்ளி, நீண்ட கேபிளில் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். இரும்பு நங்கூரம், பீரங்கி, எஃகுக் கப்பலின் உடல் ஆகியவற்றை மணலுக்குள் புதைந்திருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். மரக்கலம், கல் நங்கூரம், ஈயம், பானை ஓடு எதுவும் இதற்குத் தெரியாது.

பூம்புகார்க் கடலில் 1991இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்ட கப்பல் சிதைவு, கருவி சொல்வதற்கும் கையில் எடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு நல்ல சான்று. ஏறக்குறைய 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த அந்தச் சிதைவிலிருந்து ஈயக்கட்டிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. கடலடியில் ஏதோ மேடு இருக்கிறது என்பதைக் கருவி சொல்லலாம். அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த சரக்கு என்பதைச் சொன்னது, மூழ்காளி கையில் எடுத்துவந்த கட்டியின் எழுத்து.

மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில்

மூழ்காளி இறங்க முடியாத ஆழத்தில் என்ன செய்வது? 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடலில் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் பெருந்தேடல் நடத்தியும் தடயம் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி ஒன்று அந்தப் பகுதியில் இறக்கப்பட்டது. மல்டிபீம் சோனார், சின்தட்டிக் அப்பர்ச்சர் சோனார், நுண்படக் கேமரா ஆகியவை அதில் இருந்தன. சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகள் கிடப்பதை அது பதிவுசெய்தது.

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் இதை அறிவித்தபோது இரண்டு காரணங்களைச் சொன்னது. படங்களில் உள்ள பாகங்கள் ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. முதலில் சோனார் ‘இங்கே ஒரு பொருள்’ என்றது. அடுத்துக் கேமரா ‘இது விமானப் பாகம்’ என்றது. எந்த விமானம் என்ற முடிவுக்குப் பழைய பதிவேடுகளும் தேவைப்பட்டன.

கடலின் மேலே ரேடாரும் லேசரும்

நீர்ப்பரப்புக்கு மேலே ரேடியோ அலைக்குத் தடை இல்லை. ரேடார் அனுப்பும் துடிப்பு 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பலில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல்படைக்காக நாட்டின் கரை முழுவதும் ரேடார் நிலையங்கள் அமைக்கப்பட்டன. முதல் கட்டத்தில் நிலக்கரையில் 36, தீவுகளில் 10 என 46 நிலையங்கள்.

ரேடாரில் எல்லாக் கலங்களும் ஒன்றுபோலத் தெரிவதில்லை. எஃகுச் சரக்குக் கப்பல் பெரிய புள்ளியாகத் தெரியும். மர வள்ளமும் ஃபைபர் படகும் ரேடியோ அலையைக் குறைவாகவே திருப்பும். அலை உயர்ந்த நாளில் அவை கடலின் இரைச்சலில் மறைந்துவிடும். பெரிய கப்பல்கள் தம் பெயர், வேகம், திசை ஆகியவற்றைத் தாமே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ரேடார் புள்ளி இருந்து ஏ.ஐ.எஸ். பெயர் இல்லாவிட்டால் அது கவனிக்க வேண்டிய கலம். அதன் பிறகு தொலைநோக்குக் கேமரா, ரோந்துப் படகு என்று சோதனை தொடரும்.

விண்ணிலிருந்து ஆழம் குறைந்த கடலடியை அளக்கவும் வழி இருக்கிறது. பச்சை ஒளி நீருக்குள் ஓரளவு இறங்கும். 2018இல் ஏவப்பட்ட நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10,000 பச்சை லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பும் ஒளித்துகள்களைத் தனித்தனியாக எண்ணுகிறது. நீர்மட்டத்திலிருந்து ஒரு தொகுதியும் கடலடியிலிருந்து மற்றொரு தொகுதியும் திரும்பும்; இரண்டின் நேர வேறுபாட்டிலிருந்து ஆழம் கிடைக்கும். இந்தத் தரவுகளைக் கொண்டு இஸ்ரோ ஆய்வாளர்கள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள 29 கிலோமீட்டர் நீள மணல்திட்டுத் தொடரை வரைபடமாக்கி 2024இல் வெளியிட்டனர். அதில் 99.98 விழுக்காடு நீருக்குள் இருப்பதாக அவர்கள் கண்டனர். தொடரின் வடிவத்தையும் உயரத்தையும் லேசர் தருகிறது. அது எப்போது, எப்படி உருவானது என்பதற்கு மணலையும் பவளத்தையும் எடுத்துக் காலம் கணிக்க வேண்டும்.

பூட்டிய பெட்டகம்

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் அறியாப் பொருள் என்றால் அது முத்திரையிட்ட கன்டெய்னர். ஒவ்வொன்றையும் திறந்து இறக்கிப் பார்த்தால் வணிகம் நின்றுவிடும். எனவே சுங்கத்துறை சந்தேகத்துக்குரியவற்றைத் தேர்ந்து ஸ்கேனருக்கு அனுப்புகிறது.

மருத்துவமனை எக்ஸ் கதிருக்குக் கன்டெய்னரை ஊடுருவும் வலு இல்லை. பெட்டகத்தின் எஃகுச் சுவர் 2 மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே அடுக்கிய சரக்கோ 2.4 மீட்டர் அகலத்துக்கு நிறைந்திருக்கும். மருத்துவ எக்ஸ் கதிர் ஒரு லட்சம் வோல்ட் அளவில் உருவாகிறது. சரக்கு ஸ்கேனர்களில் நேரியல் முடுக்கி எலெக்ட்ரான்களுக்குப் பல பத்து லட்சம் வோல்ட் ஆற்றலைத் தந்து கதிரை உண்டாக்குகிறது. கோபால்ட்-60 போன்ற கதிரியக்க மூலத்தின் காமா கதிரைப் பயன்படுத்தும் ஸ்கேனர்களும் உண்டு. மறுபக்கத்தில் நிற்கும் உணரிகள் எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்பதை அளந்து படமாக்குகின்றன. இத்தகைய கருவியை நிறுவவும் இயக்கவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

இந்தப் படம் காட்டுவது அடர்த்தி. இரண்டு வேறு ஆற்றல்களில் படம் எடுத்து ஒப்பிட்டால் பொருள் உலோகமா, மரம், உணவு போன்ற கரிமப் பொருளா என்று பிரிக்க முடியும். துணி என்று அறிவித்த பெட்டகத்தில் கனத்த கட்டைகளின் வடிவம் தெரிந்தால் ஆய்வாளர் நிறுத்திவிடுவார். நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான செம்மரம் கடத்தலில் இப்படி மாட்டிக்கொள்ளும். அதே செம்மரத்தை வேறு மரக்கட்டைகளுக்கு நடுவே அடுக்கினால் கண்டுபிடிப்பது கடினம்.

2021 ஏப்ரலில் இதே துறைமுகத்தில் 300 கிலோவுக்கு மேற்பட்ட கோகைன் பிடிபட்டது. பனாமாவிலிருந்து ஆன்ட்வெர்ப், கொழும்பு வழியாக வந்த அந்தப் பெட்டகத்தின் சரக்கு மரத்தடிகள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மரமும் கோகைனும் கரிமப் பொருள்கள். எக்ஸ் கதிருக்கு இரண்டும் நெருங்கிய இனம். அந்தப் பெட்டகத்தைக் காட்டிக்கொடுத்தது வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்துக்குக் கிடைத்த உளவுத் தகவல். ஸ்கேனர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எந்தப் பெட்டகத்தை அதன் முன் நிறுத்துவது என்ற முடிவு ஆவணங்களையும் தகவலையும் நம்பியிருக்கிறது.

பொட்டாஷும் மோனசைட்டும்

எதையும் அனுப்பாமல் பிடிக்கும் முறைக்குத் துறைமுக எடுத்துக்காட்டு கதிர்வீச்சுக் கண்காணிப்பு வாயில். லாரி இரண்டு தூண்களுக்கு நடுவே மெதுவாகச் சென்றால் போதும். சரக்கிலிருந்து வரும் காமா கதிர் தூணிலுள்ள பிளாஸ்டிக் உணரியில் சிறு ஒளிப்பொறிகளை உண்டாக்கும். அவற்றின் எண்ணிக்கை இயல்பைவிடக் கூடினால் எச்சரிக்கை ஒலிக்கும்.

இதன் தேவையை நாடு 2010 ஏப்ரலில் உணர்ந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக்கருவியில் இருந்த கோபால்ட்-60 மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய், அதைப் பிரித்தவர்களைத் தாக்கியது. ஒருவர் உயிரிழந்தார். உருக்காலைகளுக்காக இறக்குமதியாகும் பழைய இரும்பிலும் இப்படியொரு மூலம் கலந்து வரலாம்.

எச்சரிக்கை ஒலித்ததும் ஆபத்து என்று முடிவு கட்ட முடியாது. தூத்துக்குடியில் உரத்துக்காக இறங்கும் பொட்டாஷில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு இருக்கிறது. கிரானைட்டிலும் பீங்கான் ஓடுகளிலும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. தென்கரை மணலில் கார்னெட், இல்மனைட் ஆகியவற்றோடு கிடைக்கும் மோனசைட் தோரியம் நிறைந்தது. அதை அரசு அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக்கூடாது. எனவே எச்சரிக்கைக்குப் பிறகு கையடக்க நிறமாலைமானியால் கதிரின் ஆற்றலை அளக்கிறார்கள். பொட்டாசியத்துக்கும் தோரியத்துக்கும் கோபால்ட்டுக்கும் ஆற்றல் அளவு வேறு வேறு. மூலத்தின் பெயரை ஐயமின்றிச் சொல்லும் தொலைமுறைகளில் இது ஒன்று.

சிப்பிக்குள் எக்ஸ் கதிர்

எக்ஸ் கதிர் துறைமுகத்துக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே முத்துத் தொழிலுக்கு வந்துவிட்டது. ரோண்ட்கென் 1895இல் அதைக் கண்டுபிடித்த ஆறே ஆண்டுகளில், பிரெஞ்சு உயிரியலாளர் ரஃபேல் துபுவா சிப்பியைத் திறக்காமல் முத்தைப் பார்க்க இதைப் பயன்படுத்தலாம் என்றார். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அந்த முயற்சி நடந்தது. முத்துள்ள சிப்பியை மட்டும் பிரித்து, மற்றவற்றை உயிரோடு கடலில் விட்டுவிடலாம் என்பது நோக்கம். ஓடும் முத்தும் ஒரே கால்சியம் கார்பனேட் என்பதால் சிறு முத்துகள் ஓட்டின் நிழலில் மறைந்துவிடும். லட்சக்கணக்கில் வரும் சிப்பிகளை ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பதும் கட்டுப்படியாகாது. முறை நிலைக்கவில்லை.

ஆனால் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் அதே கதிருக்கு வேறு வேலை கிடைத்தது. வளர்ப்பு முத்தின் நடுவில் பெரும்பாலும் ஓட்டிலிருந்து கடைந்த மணி இருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த மணியின் எல்லை கோடாகத் தெரியும். இயற்கை முத்தில் மையம் வரை வளையம் வளையமாகப் படலங்கள் இருக்கும். இந்தியாவில் 1973இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. இன்று ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் சி.டி. ஸ்கேன் மூலம் முத்தைத் துளையிடாமலே இரண்டையும் பிரித்துச் சான்றிதழ் தருகின்றன.

கருவி சொல்வதும் சொல்லாததும்

எல்லாத் தொலையாய்வும் மூன்று படிகளில் நடக்கிறது: ஏதோ இருக்கிறது என்று கண்டறிவது, அது எந்த வகை என்று பிரிப்பது, இன்னது என்று அடையாளம் காண்பது. முதல் படியில் சோனாரும் ரேடாரும் காந்தமானியும் வல்லவை. இரண்டாம் படிக்கு நிழல், அடர்த்தி, எதிரொலி வலிமை, கதிரின் ஆற்றல் ஆகியவை உதவுகின்றன. மூன்றாம் படியைப் பெரும்பாலும் கருவி தனியாகத் தாண்டுவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று முறைகள் ஒரே விடையைத் தந்தால் நம்பிக்கை கூடும். ஒரே கருவி பத்து முறை சொன்னாலும் அந்த அளவுக்குக் கூடாது.

கருவியால் கிடைக்கும் பெரிய பயன் தேட வேண்டிய இடத்தைச் சுருக்குவது. ஆயிரக்கணக்கான பெட்டகங்களில் திறக்க வேண்டிய சிலவற்றையும், பரந்த வளைகுடாவில் மூழ்கிப் பார்க்க வேண்டிய சில இடங்களையும் அது குறித்துத் தருகிறது. பெயர் சொல்லும் பொறுப்பு மனிதரிடமே இருக்கிறது. துறைமுகத்திலும் நடைமுறை அதுதான்: ஸ்கேன் படம் சந்தேகத்துக்குக் காரணமாகலாம், பறிமுதல் மகஜர் எழுதப்படுவது சாட்சிகள் முன்னிலையில் பெட்டகத்தைத் திறந்து, உள்ளிருப்பதை எடுத்து எடைபோட்ட பிறகே.